ஃபெராரி ஓடினால் காற்று எவ்வளவு கெடும்?

கேள்வி இதுதான். கல்யாணம் ஒன்றுக்காகக் கொழும்பிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த லம்போகினி என்ற விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று யாழ்ப்பாண நகருக்குள் உறுமிக்கொண்டு போனதைத் தம்பி ஒருவர் பார்த்திருக்கிறார். "நாங்கள் பெற்றோல் விலைக்குப் பயந்து மோட்டார் சைக்கிளையே அளந்து ஓடுகிறோம். இந்த மாதிரிக் கார்கள்தானே காற்றை நாசமாக்குகின்றன? இவற்றை உலகம் முழுக்கத் தடை செய்தால் காற்று மாசு குறையாதா?" என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் பார்த்த கார் பெற்றோலைக் குடிக்கிற கார்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் சுவாசிக்கிற காற்றில் அதற்கு இருக்கும் பங்கு உங்கள் மோட்டார் சைக்கிளின் பங்கைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கேட்கக் கோபம் வரும், எனக்குத் தெரியும். கணக்கைச் சொல்கிறேன்.

வாகனத்தின் சைலன்சரால் வருவதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று காபனீரொட்சைட்டு. அது பூமியைச் சூடாக்கும், ஆனால் வீதியில் நிற்பவருக்கு இருமல் வராது. மற்றது காபன்மொனொட்சைட்டு, எரியாத எரிபொருள் ஆவி, நைதரசன் ஒட்சைட்டுகள், கரித்தூள் என்ற கூட்டம். இருமல், இழுப்பு, நெஞ்சு நோய் எல்லாம் இந்தக் கூட்டத்தின் வேலை. முதலாவது, எரித்த எரிபொருளின் அளவைப் பொறுத்தது. இரண்டாவது, எப்படி எரித்தீர்கள், எரித்தபின் புகையை என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்போர்ட்ஸ் கார் முதலாவதில் மோசம். இரண்டாவதில் அப்படியல்ல.

முதலாவதை எடுப்போம். ஒரு லீட்டர் பெற்றோலை எரித்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். முக்கால் கிலோ நிறையுள்ள பெற்றோலிலிருந்து எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் வரும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். மிச்ச நிறை காற்றிலிருந்து சேர்ந்த ஒட்சிசன். இந்த வாயுவைப் பிடித்து வைக்க எந்த வடிகட்டியும் காரில் இல்லை. ஆகவே குடித்த பெற்றோலே கணக்கு.

புகாட்டி சிரோன் என்ற காரை எடுங்கள். 8 லீட்டர் எஞ்சின், 16 சிலிண்டர், நான்கு ரேர்போ. ஐரோப்பியச் சோதனையில் அதற்குக் கொடுத்த கணக்கு 100 கிலோமீட்டருக்கு 22.5 லீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 516 கிராம் காபனீரொட்சைட்டு. எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடும், பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் காரான டொயோட்டா அக்குவா லீட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 115 கிராம்தான். நாலரை மடங்கு வித்தியாசம்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர் என்று தொடங்கினார்கள், நினைவிருக்கும். அந்த 20 லீட்டரோடு சிரோன் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும், திரும்பி வந்து சேராது. அதுவும் பக்குவமாக ஓடினால். அதற்கு முந்திய வேரோன் காரின் தாங்கி 100 லீட்டர். முழு வேகத்தில் ஓடினால் பன்னிரண்டு நிமிடங்களில் காலி. உங்கள் மோட்டார் சைக்கிளோ அந்த 4 லீட்டரில் 200 கிலோமீட்டர் போயிருக்கும்.

சரி, அப்படியென்றால் குற்றவாளி அதுதானே? இங்கேதான் எண்ணிக்கையும் ஓடும் தூரமும் வருகின்றன. சிரோன் மொத்தமே 500 கார்கள்தான் செய்தார்கள். வேரோன் 450. ஃபெராரி 2024ஆம் ஆண்டு முழுக்க விற்றது 13,752 கார்கள். லம்போகினி 10,687, அதிலும் பாதிக்கு மேல் ஊருஸ் என்ற ஜீப். டொயோட்டா குழுமம் அதே வருடம் விற்றது ஒரு கோடிக்கு மேல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூரமும் புகையளவும் நான் வைக்கும் எடுகோள்கள், நீங்கள் விரும்பினால் மாற்றிப் போடலாம். ஃபெராரியும் லம்போகினியும் சேர்ந்து 24,439 கார்கள். ஒவ்வொன்றும் வருடம் 5,000 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 400 கிராம் என்று வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 49,000 தொன். டொயோட்டாவை ஒரு கோடி என்றே எடுங்கள். ஒவ்வொன்றும் 15,000 கிலோமீட்டர், 150 கிராம். அது 2 கோடி 25 இலட்சம் தொன். 460 மடங்கு. ஸ்போர்ட்ஸ் காரின் தூரத்தை இரட்டிப்பாக்கினாலும் படம் மாறாது. 5,000 கிலோமீட்டர் என்பதே தாராளம். இந்தக் கார்களில் பல வருடத்தில் முக்கால்வாசி நாள் உறை போட்டுக் கராஜில் நிற்கின்றன. ஓட ஓட விலை இறங்கும் என்பதால் சொந்தக்காரர்களே மீற்றரைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள்.

தனிக் காராகப் பார்த்தாலும் இதே கதைதான். வருடம் 3,000 கிலோமீட்டர் ஓடும் சிரோன் ஒன்றரைத் தொன் விடும். நாளுக்கு 100 கிலோமீட்டர்ப்படி 300 நாள் வாடகைக்கு ஓடும் அக்குவா கிட்டத்தட்ட மூன்றரைத் தொன் விடும். ஆனால் அந்த அக்குவா ஆஸ்பத்திரிக்கு நோயாளி ஏற்றியிருக்கும், விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றியிருக்கும். இரவு கொழும்புக்குப் போகும் பஸ்ஸைப் பாருங்கள். 400 கிலோமீட்டர், லீட்டருக்கு மூன்றரைக் கிலோமீட்டர் என்றால் 114 லீட்டர் டீசல். ஒரு பயணத்துக்கு 300 கிலோ காபனீரொட்சைட்டு. சிரோன் அதே தூரத்துக்கு 206 கிலோதான். ஆனால் பஸ்ஸில் 45 பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு ஏழு கிலோகூட வராது. ஆகவே "எது கூடப் புகைக்கிறது" என்பதற்கும் "எது வீணாகப் புகைக்கிறது" என்பதற்கும் விடை வேறு வேறு. உங்கள் கோபம் இரண்டாவதைப் பற்றியது. அது நியாயமான கோபமும்கூட. ஆனால் கேள்வியில் நீங்கள் கேட்டது முதலாவதை.

இனி இருமல் வரச்செய்யும் கூட்டத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

ஐரோப்பாவின் யூரோ 6 விதி பெற்றோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 1 கிராம் காபன்மொனொட்சைட்டு, 0.1 கிராம் ஐதரோகாபன், 0.06 கிராம் நைதரசன் ஒட்சைட்டு என்று எல்லை போடுகிறது. அந்த எல்லை எஞ்சின் பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை. ஒரு லீட்டர் எஞ்சின் சின்னக் காருக்கும் 12 சிலிண்டர் ஃபெராரிக்கும் ஒரே எண்தான். நாலு மடங்கு பெற்றோல் எரித்தாலும் கடைசியில் வெளியே வருவது அதே 0.06க்குள் நிற்க வேண்டும். அதனால்தான் இந்தக் கார்களில் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் பெரிதாகவும் ஒன்றுக்கு மேலாகவும் இருக்கும்.

கொன்வேர்ட்டர் என்பது சைலன்சருக்கு முன்னால் இருக்கும் ஒரு உலோகக் கூடு. உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்ன ஓட்டைகள், அவற்றின் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். சூடான புகை அதற்குள்ளால் போகும்போது காபன்மொனொட்சைட்டும் எரியாத ஆவியும் எரிந்துபோகும், நைதரசன் ஒட்சைட்டு வெறும் நைதரசனாக உடையும். இந்த மூன்று வேலையும் ஒன்றாக நடக்க வேண்டுமென்றால் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவு அச்சொட்டாக இருக்க வேண்டும். ஒட்சிசன் சென்சர் ஒன்று புகையை மணந்து மணந்து எஞ்சின் கணினிக்குச் சொல்ல, அது செக்கனுக்குள் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும்.

இப்போது உங்கள் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை இந்தியத் தயாரிப்பு, பல பதினைந்து வருடம் கடந்தவை. அவற்றில் பெற்றோலைக் கலப்பது காபரேற்றர். அதற்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, ஒரு ஸ்குரூ மட்டும் உண்டு. 2005இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரத் 2 என்ற புகை விதிப்படி மோட்டார் சைக்கிளுக்கு ஐதரோகாபனும் நைதரசன் ஒட்சைட்டும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 1.5 கிராம் வரை அனுமதி. யூரோ 6 காருக்கு அதே இரண்டும் சேர்த்து 0.16 கிராம். ஒன்பது மடங்கு! சோதிக்கும் முறை வேறு என்பதால் இந்த இரண்டு எண்ணையும் அப்படியே தராசில் வைக்க முடியாதுதான். ஆனால் மோட்டார் சைக்கிளின் எண் புது வண்டிக்கானது. எயார் ஃபில்டர் தூசியால் அடைத்து, பிஸ்டன் றிங்ஸ் தேய்ந்து, குளிரில் ஸ்ராட் பண்ணப் பெற்றோலைக் கூட்டிவிடும் சொக்கை இழுத்துவிட்டபடியே ஓடும் வண்டியில் அது எங்கே நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். நன்றாக எரிந்தால் நுனி வெளிர் மண்ணிறம். கறுப்பாகக் காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூட. ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் எஞ்சின் ஒயிலும் சேர்ந்து எரிகிறது, பின்னால் நீலப் புகை வரும்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் பெற்றோலின் கணிசமான பங்கு எரியாமலே வெளியே போய்விடும். ஒயில் கலந்து ஊற்றுவதால் புகை வேறு. நல்லவேளை, அவை ஒழிந்துகொண்டு வருகின்றன.

இதையெல்லாம் வைத்து ஸ்போர்ட்ஸ் கார் சுத்தம் என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. இரண்டு இடத்தில் அது சறுக்கும். எஞ்சின் குளிராக இருக்கும்போது கொன்வேர்ட்டர் வேலை செய்யாது, முந்நூறு பாகை அளவுக்குச் சூடேற வேண்டும். அதற்கு முந்திய ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் நவீன பெற்றோல் கார் தன் நச்சின் பெரும்பகுதியை விடுகிறது, பெரிய எஞ்சின் என்றால் கூடவே விடும். மற்றது, அக்சிலேற்றரை அடி வரை மிதிக்கும் நேரம். அப்போது எஞ்சினைக் குளிர வைக்க வேண்டுமென்றே பெற்றோலைக் கூட ஊற்றும் பழக்கம் இந்த எஞ்சின்களுக்கு உண்டு. 14.7 என்ற அளவு உடைந்துவிடும், காபன்மொனொட்சைட்டு எகிறும். கல்யாண மண்டப வாசலில் வழக்கமாக நடப்பதும் இதேதான்: நின்ற கார், ஆறின எஞ்சின், படம் பிடிப்பவருக்காக நாலு தரம் உறுமல். அந்த நேரம் பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிப்பதில்லை. சத்தமும் ஒரு மாசுதான், அதில் எந்தக் கணக்குப் போட்டாலும் லம்போகினிக்கு விடுதலை கிடையாது.

நச்சுக் கதையில் ஆடம்பரக் காரைவிட சாதாரணக் கார் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015இல் பிடிபட்ட ஃபோக்ஸ்வாகன் விவகாரம் போதும். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக ஓடும்படி டீசல் கார்களுக்கு மென்பொருள் எழுதியிருந்தார்கள். அமெரிக்க வீதிகளில் அவற்றின் நைதரசன் ஒட்சைட்டு எல்லையைவிட 40 மடங்கு வரை போனது. அந்த மென்பொருளோடு உலகெங்கும் ஓடியவை ஒரு கோடி 10 இலட்சம் வாகனங்கள். சிக்கனமான, பொறுப்பான குடும்பக் கார் என்று நினைத்து மக்கள் வாங்கியவை. இதுவரை செய்த ஃபெராரிகள் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டாலும் அந்தத் தீங்கை எட்டிப் பிடிக்குமா என்பது சந்தேகம்.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியில் மினிபஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போகும்போது, கியர் மாற்றும் நேரம் முகத்தில் அடிக்கும் கறுப்புப் புகை அதுதான். இன்ஜெக்டர் பழுது, எயார் ஃபில்டர் அடைப்பு, அளவுக்கு மேல் ஆள், இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். வயலுக்குள் ஓடும் உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரமும் இதே ரகம், அவற்றை யாரும் எண்ணுவதுகூட இல்லை.

வாகனப் புகையில் யாழ்ப்பாணம் கண்ட உச்சம் என்று கேட்டால், தொண்ணூறுகளில் போர் நேரம் இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தைத்தான் நான் சொல்வேன். பெற்றோல் கண்ணில் காட்டக் கிடையாது. ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்ற பழைய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்களின் அழுத்த விகிதம், அதாவது எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அளவு, ஏழுக்கு ஒன்று அளவில் இருந்தபடியால்தான் அது முடிந்தது. ஃபெராரி 812இன் விகிதம் 13.6. அதில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் தட்டித் தட்டியே செத்துப்போகும். பாதி எரிந்த மண்ணெண்ணெய்ப் புகையின் மணம் அந்தக் காலத்து ஆட்களுக்கு இன்றும் மூக்கில் நிற்கும். அப்போது வீதியில் ஓடிய வாகனங்கள் மிகச் சில. ஆனால் ஒவ்வொன்றும் விட்ட புகை இன்றைய இருபது காருக்குச் சமன் என்றாலும் நம்பலாம்.

இன்றைய யாழ்ப்பாணக் காற்றுக்கு வந்தால் வாகனம் மட்டுமே கதையல்ல. எங்கள் ஊர் தட்டையான நிலம், பக்கத்தில் கடல், மலை கிடையாது. வருடத்தில் பல மாதம் காற்று நன்றாக அள்ளிக்கொண்டு போய்விடும். சிக்கல் வருவது பெரும்பாலும் மார்கழி, தை ஒட்டி, வடகீழ்க் காற்று இந்தியப் பக்கத்துப் புகையையும் தூசியையும் இங்கே தள்ளும்போது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வானம் மங்கிப்போய் நின்றதே, 9ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்களே, அதற்குக் காரணம் எல்லை தாண்டி வந்த அந்த மாசு. இரண்டரை மைக்ரோனுக்குச் சின்ன துகள்கள் வருடச் சராசரியில் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியான நாட்களில் எங்கள் காற்று அந்த அளவை வெகுவாகத் தாண்டிவிடுகிறது.

உள்ளூரில் பாருங்கள். கல்லுண்டாய்க் குப்பை மேடு பற்றிக்கொண்டால் சுற்றுவட்டாரமே மூச்சு முட்டும். வீட்டு வளவுக்குள் கூட்டின சருகோடு சொப்பிங் பையையும் யோகட் கோப்பையையும் சேர்த்துக் கொளுத்துகிறோம். பிளாஸ்ரிக் எரிந்தால், அதுவும் பிவிசி எரிந்தால், டயொக்சின் போன்ற நச்சுகள் வரும். அவை எந்தக் காரின் சைலன்சரிலும் இந்த அளவுக்கு வருவதில்லை. புகைபோக்கி இல்லாத குசினியில் விறகு எரிக்கும் அம்மாமார் நாளுக்கு மூன்று வேளை சுவாசிப்பது, வீதியில் நிற்பவர் சுவாசிப்பதைவிட மோசமானது. ஒரு லம்போகினி ஒரு நாள் வந்து போனதை இவற்றோடு வைத்தால் அது அளவில் பிடிபடவே மாட்டாது.

தடை பற்றிக் கேட்டீர்கள். ஒரு வருடம் விற்ற அந்தக் கார்களைத் தடை செய்தால் மேலே போட்ட 49,000 தொன்னின் ஒரு பங்கு குறையும். ஒரு பங்கு என்று சொல்வதற்குக் காரணம், அந்தப் பணக்காரர் அப்புறம் நடந்து போகப் போவதில்லை, பெரிய ஜீப் ஒன்றை வாங்குவார், அதை ஃபெராரியைவிடக் கூடவும் ஓடுவார். தனி விமானம் வைத்திருப்பவர் என்றால் அது ஒரு மணித்தியாலத்தில் பல நூறு லீட்டர் எரிக்கும், அதன் பக்கத்தில் கார் ஒரு பொருட்டே அல்ல. எனக்கு உறுத்துவது வேறொன்று. வருடம் 1,000 காருக்குக் குறைவாகப் பதிவாகும் தயாரிப்பாளர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் காபனீரொட்சைட்டு இலக்கிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. வளிமண்டலக் கணக்கில் அந்த விலக்கால் ஒன்றும் ஆகாது என்பது சரி. ஆனால் சாதாரணக் குடும்பக் கார் விதிக்குள், பல கோடி ரூபாய் கார் விதிக்கு வெளியே என்பது அழகாக இல்லை. அது வரி போட்டுத் தீர்க்க வேண்டிய நியாயப் பிரச்சினை. சுவாசப் பையோடு அதைப் போட்டுக் குழப்பினால் உண்மையில் புகைக்கிறவர்கள் தப்பிவிடுவார்கள்.

உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். எயார் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், எஞ்சின் சூடானதும் சொக்கைத் தள்ளிவிடுங்கள், நீலப் புகை வந்தால் றிங்ஸ் பாருங்கள். பழைய ஹைபிரிட் கார் வாங்குகிற எண்ணம் இருந்தால் அடியில் குனிந்து கொன்வேர்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு நல்ல காசு கிடைப்பதால் அதைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாயை ஒட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். கொன்வேர்ட்டர் இல்லாத அக்குவா, அது இருக்கிற லம்போகினியைவிட உங்கள் மூச்சுக்குக் கெடுதி. பிறகு அந்தப் புகைச் சோதனை. வாகன வரிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும் என்பதற்காகச் சோதனைக்கு முதல் நாள் கராஜில் காபரேற்றர் ஸ்குரூவை இறுக்கி, சான்றிதழ் கைக்கு வந்ததும் "இழுவை காணாது" என்று பழையபடி திருப்பிவிடுகிறார்களே, அந்தப் பழக்கத்தை விடுங்கள். ஃபோக்ஸ்வாகன் மென்பொருள் எழுதிச் செய்ததை நாங்கள் ஸ்குரூ டிரைவரால் செய்கிறோம்.